பற்றாசு: வெண்பாவிலிருந்து வானொலிப் பெட்டி வரை

யாப்பிலக்கணம் பயிலும் மாணவர்கள் அநேகமாக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் ஒரு வகை, ஆசிடை நேரிசை வெண்பா. இரண்டு குறள் வெண்பாக்களைத் தனிச்சொல் ஒன்றால் இணைத்தால் நேரிசை வெண்பா ஆகும். முதற்குறளின் இறுதிச் சீர் தனிச்சொல்லோடு இயல்பாகவே பொருந்தி நின்றால் அது இருகுறள் நேரிசை. பொருந்தாது விட்டிசைத்தால், அந்த இடைவெளியில் ஓரசையோ ஈரசையோ கூட்டி ஓசையை நிறைத்துக்கொள்ள இலக்கணம் இடங்கொடுக்கிறது. இப்படி இடையில் இடப்படும் அசைக்கு 'ஆசு' என்று பெயர். குற்றம் என்னும் பொருளில் வரும் ஆசு வேறு, விரைந்து பாடும் ஆசுகவியின் ஆசு வேறு. இது கொல்லர் பட்டறையிலிருந்து வந்த ஆசு. உலோகத் துண்டுகள் இரண்டைப் பொருத்துவதற்கு இடையில் உருக்கி இடும் மூன்றாவது உலோகமே பற்றாசு. யாப்பு நூல்களின் உரைமரபு இந்த உவமையைக் கொண்டுதான் வெண்பாவின் இணைப்பை விளக்கியது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் உலோகத் தொழிற்சொல் இலக்கணத்துக்குள் நுழைந்து கலைச்சொல்லாக நிலைத்தது. ஆனால் அந்தத் தொழில் மின்னணுக் கருவிகளுக்குள் புகுந்த இருபதாம் நூற்றாண்டில், அச்சொல் அதனுடன் செல்லவில்லை. திண்டுக்கல்லில் எந்தப் பழுதுபார்க்கும் கடையில் கேட்டாலும் 'சால்ட்ரிங் அயன்', 'பிட்', 'பேஸ்ட்' என்றுதான் சொல்வார்கள். பற்றாசுக் கம்பிக்கு அங்கே பெயர் 'லெட்'. ஆங்கிலத்தில் காரீயத்துக்குரிய பெயர் அது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் அதைச் சுற்றியே அமைகிறது.

மூன்று பட்டறைகள், ஒரே தத்துவம்

சூட்டுக்கோலையும் ஈயக்கம்பியையும் தேர்ந்தெடுப்பது இன்றைய மின்னணுத் தொழிலுக்கு மட்டும் உரிய சிக்கல் என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் நம் ஊர்களின் பொற்கொல்லரும், பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோரும், தகர வேலை செய்வோரும் இதே கேள்விகளுக்குத் தலைமுறை தலைமுறையாக விடை கண்டவர்கள்.

முதற்கேள்வி: எந்த உலோகத்தைப் பற்றாசாக இடுவது? இணைக்கப்படும் பொருளைவிடக் குறைந்த சூட்டில் அது உருகவேண்டும். பொற்கொல்லர் பொன்னோடு செம்பும் வெள்ளியும் கலந்த 'பொடி'யை வைத்து, ஊதுகுழலால் தீயைச் செலுத்திப் பற்றவைத்தார். பொடியில் பொன்னின் அளவு குறைவு. பழைய நகையை விற்கப் போகும்போது பொடிக்கென்று எடை கழித்த வழக்கத்துக்கு இதுவே காரணம். பாத்திரத்துக்கு ஈயம் பூசியவர் வெள்ளீயத்தைக் கொண்டார். தகரக்காரர் வெள்ளீயத்தோடு காரீயத்தைக் கலந்துகொண்டார்.

இரண்டாவது கேள்வி: உலோகத்தின் மேலுள்ள களிம்பை எப்படி நீக்குவது? சூடேறிய உலோகம் காற்றோடு சேர்ந்து உடனே ஒரு படலத்தைப் போர்த்துக்கொள்கிறது. அதன்மேல் பற்றாசு ஒட்டாது, முத்தாக உருண்டு ஓடிவிடும். பொற்கொல்லருக்கு வெண்காரம் இதைத் தீர்த்தது. ஈயம் பூசுவோருக்கு நவச்சாரம் தீர்த்தது. பாத்திரத்தைச் சூடாக்கி நவச்சாரத்தைத் தூவும்போது எழும் வெண்புகையையும், அதன்பின் பஞ்சால் ஒரே இழுப்பில் ஈயம் வெள்ளியாகப் படர்வதையும் தெருவில் நின்று பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. மின்னணுத் தொழிலில் இதே பணியைச் செய்வது பைன் மரப் பிசினிலிருந்து கிடைக்கும் ரோசின்.

மூன்றும் ஒரே வேலையைச் செய்தாலும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகா. நவச்சாரமும், தகர வேலைக்குரிய 'ஆசிட்' பசையும், வேலை முடிந்த பின்னும் உப்பாக அங்கேயே தங்கி ஈரத்தை உறிஞ்சும். தடித்த தகரக் குடத்தைக் கழுவிவிடலாம். மயிரிழை போன்ற செப்புக் கம்பிகள் நிறைந்த மின்சுற்றுப் பலகையைக் கழுவுவது எளிதன்று. சில மாதங்களில் கம்பி பச்சை பூத்து அறுந்துவிடும். ரோசினோ, சூட்டில் மட்டும் வேலை செய்து, ஆறியபின் செயலற்ற கண்ணாடிபோல் உறைந்துவிடுகிறது. எனவே மின்னணு வேலைக்குக் கம்பி வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டியது, அதன் உள்ளே ரோசின் இழை ஓடுகிறதா என்பதைத்தான். 'ஆசிட் கோர்' என்று எழுதியிருந்தால் அது தகர வேலைக்குரியது.

ஈயச்சொம்பு சொல்லும் பாடம்

ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றக்கூடாது என்பது நம் சமையலறைகளின் முதல் எச்சரிக்கை. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். உள்ளே நீர் இருக்கும்வரை சூடு நூறு பாகையைப் பெரிதும் தாண்டாது, சொம்பு பிழைக்கும். நீர் வற்றினால் சொம்பு அடுப்பிலேயே வழிந்தோடும்.

காரீயம் உருகுவது 327 பாகையில். இவ்விரண்டையும் கலந்தால் இடைப்பட்ட ஒரு சூட்டில் உருகும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பர். நடப்பது வேறு. வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் சேர்ந்த கலவை 183 பாகையிலேயே உருகுகிறது. இரண்டில் எதுவும் தனியே உருகாத சூடு அது. மேலும், இந்த விகிதத்தில் மட்டுமே கலவை திண்மத்திலிருந்து நேரே நீர்மமாகிறது, நீர்மத்திலிருந்து நேரே உறைகிறது. இடையில் கூழ்நிலை இல்லை. 60க்கு 40 என்னும் விகிதத்தில் சில பாகைகள் அளவுக்குக் கூழ்நிலை உண்டு. அந்தச் சில நொடிகளில் கம்பி அசைந்துவிட்டால் இணைப்பு மங்கிச் சொரசொரப்பாக உறையும். பழுது பார்ப்போர் 'டிரை சால்டர்' என்று பொதுவாகப் பழிக்கும் குறைகளில் இதுவும் ஒன்று. பெட்டியைத் தட்டினால் பாடும், விட்டால் நின்றுவிடும். தட்டித் தட்டியே வானொலி கேட்ட வீடுகள் நம் சமவெளியில் எத்தனையோ.

கடையில் 60/40, 63/37 என்று இரண்டு கம்பிகள் இருந்தால், சிறிது விலை கூடினாலும் புதிதாகக் கற்பவர் 63/37ஐ வாங்குவது நல்லது. கைநடுக்கத்தை அது ஓரளவு மன்னிக்கும்.

செப்புக்கட்டியிலிருந்து மின்கோல் வரை

சூட்டுக்கோல் தொடக்கத்தில் இரும்புத் தண்டின் நுனியில் பொருத்திய செப்புக்கட்டிதான். கரியடுப்பில் வைத்துச் சூடேற்றி, நவச்சாரக் கட்டியில் தேய்த்துத் துடைத்து, ஈயத்தைத் தொட்டு வைப்பார்கள். தகரக்காரருக்கு அது போதும். மின்சாரத்தால் சூடேறும் கோலைப் பெருமளவில் தயாரிக்கும் வகையில் செர்மனியின் எர்ன்ஸ்ட் சாக்ஸ் உருவாக்கியது 1921இல். அவர் பெயரின் எழுத்துகளைக் கொண்டே 'எர்சா' நிறுவனம் எழுந்தது.

காலப்பொருத்தம் வியப்பளிப்பது. சென்னையில் தனியார் வானொலிக் கழகம் ஒலிபரப்பைத் தொடங்கியது 1924இல். சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் 1938இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் வந்தன. திருச்சிக்கும் மதுரைக்கும் நடுவே, இருப்புப்பாதை ஓரத்தில் அமைந்த திண்டுக்கல்லுக்குத் திருச்சி நிலையம் அண்டை வீட்டுக் குரல். பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பும் இந்தச் சமவெளியை நிறைத்தது. பைக்காரா 1932இலும் மேட்டூர் 1937இலும் பாபநாசம் 1944இலும் நீர்மின்சாரம் தரத் தொடங்கியபோதிலும், கிராமங்களுக்கு அது வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. மின்சாரம் எட்டாத ஊர்களில் மின்கலத்தில் பாடும் வால்வு வானொலியும், கரியில் சூடேறும் செப்புக்கட்டியும் அருகருகே வாழ்ந்தன.

திண்டுக்கல் உலோகத்தின் நுணுக்கம் அறிந்த ஊர். பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இங்கே 1957இல் அமைந்தது. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல். அரம் பிடித்துப் பித்தளையைச் சீவும் பழக்கம் ஊறிய ஓர் ஊரில், சூட்டுக்கோலின் செப்புநுனியை அரத்தால் தேய்த்து உருக்கொடுப்பது எவருக்கும் புதிதாகத் தோன்றியிராது. வெள்ளீயம் செம்பைக் கரைக்கும் இயல்புடையது. எனவே வெறும் செப்புநுனி நாளடைவில் குழிவிழும். அதைத் தேய்த்துத் தேய்த்து நேர்செய்துகொண்டே இருக்கவேண்டும். இதைத் தவிர்க்கவே பின்னர் செம்பின்மேல் இரும்பு முலாம் பூசிய நுனிகள் வந்தன. பழைய பழக்கத்தில் இவற்றையும் அரத்தால் தேய்த்துவிட்டால் முலாம் போய்விடும், நுனி சில நாட்களில் உளுத்துவிடும். ஈரப் பஞ்சிலோ பித்தளைச் சுருளிலோ துடைத்து, ஓய்வில் வைக்கும்போது நுனியில் சிறிது ஈயம் விட்டுவைப்பதே முறை.

வாட் கணக்கு

வால்வு வானொலியின் பாகங்கள் இரும்புத் தகட்டுச் சட்டத்தின்மேல் அமர்ந்தவை. தடித்த கம்பிகள், பெரிய முனைகள். சட்டமே சூட்டை உறிஞ்சிவிடும் என்பதால் 60 வாட்டும் அதற்கு மேலும் வேண்டியிருந்தது. கோல் சூடேறும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி, பொத்தானை அழுத்தியதும் சூடேறும் துப்பாக்கி வடிவக் கோலை உருவாக்கியவர் கார்ல் வெல்லர். அவரும் அமெரிக்காவில் வானொலி பழுதுபார்த்தவர்தான். அவருக்குக் காப்புரிமை கிடைத்தது 1946இல். அதற்கு அடுத்த ஆண்டு டிசம்பரில் பெல் ஆய்வகத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. பெரிய கோல்களின் ஆட்சிக்கு அது முடிவு கட்டியது.

1954இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் பின்னர் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களைச் செய்யத் தொடங்கியது. ஏசி 127, ஏசி 128 என்னும் எண்கள் பழைய மெக்கானிக்குகளுக்கு உறவினர் பெயர்கள்போல. ஜெர்மானியம் சூடு தாங்காது. 60 வாட் கோலை வைத்து நான்கு நொடி நின்றால் டிரான்சிஸ்டர் செத்துவிடும். ஆகவே 25 வாட் கோல் வந்தது. 'சால்ட்ரான்' போன்ற இந்தியத் தயாரிப்புகளை வாங்கிப் பழகாத மின்னணு மாணவர் நம் நாட்டில் குறைவு. டிரான்சிஸ்டரின் காலை மூக்குக் குறட்டால் பிடித்துக்கொண்டு பற்றவைக்கும் உத்தியும் அப்போது பரவியது. சூடு உடலுக்கு ஏறுமுன் குறடு அதை வாங்கிக்கொள்ளும்.

இதிலிருந்து 'சிறிய கோலே பாதுகாப்பு' என்னும் நம்பிக்கை வேரூன்றியது. அது பாதி உண்மை. சேதம் விளைவிப்பது சூட்டின் அளவு மட்டுமன்று, சூடு தங்கும் நேரமும்தான். வலுவற்ற கோலைப் பெரிய முனையில் வைத்தால் பத்து நொடியானாலும் ஈயம் உருகாது. அதற்குள் ஹைலம் பலகையில் ஒட்டியிருக்கும் செப்புத்தகடு பெயர்ந்து எழும். வலுவான, ஆனால் வெப்பம் கட்டுப்படுத்தப்பட்ட கோல் இரண்டு மூன்று நொடியில் வேலையை முடித்து விலகிவிடும். வாட் என்பது கோலின் சூடு அன்று, இழந்த சூட்டை எவ்வளவு விரைவில் மீட்கிறது என்பதன் அளவு. வெப்பக் கட்டுப்பாடுடைய நிலையம் 60 வாட் ஆனாலும் 25 வாட் எளிய கோலைவிட மென்மையானதாக இருப்பது இதனால்தான். காந்தத்தன்மை குறிப்பிட்ட வெப்பத்தில் மறையும் இயல்பைக் கொண்டு தானே அணைந்து எரியும் கோலை வெல்லர் நிறுவனம் செய்தது. இன்று அதே வேலையை நுனியருகே பதிந்த உணரிகள் செய்கின்றன.

இன்னொன்றும் உண்டு. பழைய கோல்கள் பலவற்றில் இரண்டு ஊசிப் பிளக்தான். வானொலிக்கு அது பிழையாகத் தெரியவில்லை. மாஸ்ஃபெட் போன்ற நுண்பாகங்களுக்கு, கோலின் உலோகத்தில் கசியும் சிறு மின்னழுத்தமே எமன். மூன்று ஊசிப் பிளக்கும், சுவரில் மெய்யாகவே நிலத்தொடர்பு உள்ள சாக்கெட்டும் இருந்தாலொழிய விலையுயர்ந்த கோலாலும் பயனில்லை.

லெட் என்னும் பெயர்

இனி அந்தப் பெயருக்கு வருவோம். காரீயம் நரம்பு மண்டலத்தைக் கெடுப்பது, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குறிப்பாகத் தாக்குவது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இயற்றிய ஆணை, மின்னணுப் பொருள்களில் காரீயம் உள்ளிட்டவற்றைக் கட்டுப்படுத்தி 1 ஜூலை 2006 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவின் மின்கழிவு விதிகள் 2012 மே மாதம் நடப்புக்கு வந்தன. அவற்றின் கீழ் காரீயத்துக்கு 0.1 சதவீத வரம்பு 2014 மே முதல் உற்பத்தியாளர்மீது சுமத்தப்பட்டது. காரீயத்தின் இடத்தில் வெள்ளீயம் 96.5, வெள்ளி 3, செம்பு 0.5 என்னும் கலவை வந்தது. அது உருகுவது 217 பாகைக்கு மேல். அதே ஆணைகள் படைத்துறை, விண்வெளிக் கருவிகளுக்கு விலக்கு அளித்தன. குழந்தையின் பொம்மையில் காரீயம் கூடாது, செயற்கைக்கோளில் இருக்கலாம். கலப்பற்ற வெள்ளீயம் காலப்போக்கில் மயிர்போன்ற உலோக இழைகளை முளைக்கவிட்டுச் சுற்றுகளைக் குறுக்கிணைக்கும் என்னும் அச்சமே இவ்விலக்கின் ஒரு காரணம்.

பழுதுபார்ப்போர் மட்டும் பழைய கம்பியை விடவில்லை. குறைந்த சூடு, எளிதில் பரவும் இயல்பு, குறைந்த விலை ஆகியவற்றோடு இன்னொரு காரணமும் உண்டு. காரீயக் கலவை நன்றாகப் பற்றினால் பளபளக்கும். கண்ணே சோதனைக் கருவி. காரீயமற்றது நன்றாகப் பற்றினாலும் மங்கலாகவே உறையும். நாற்பதாண்டுப் பழக்கமுள்ள கண்ணுக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றாகத் தெரிகிறது.

இந்த இடத்தில் நகைக்கடைகளின் 'கேடிஎம்' என்னும் சொல்லை நினைவுகூரலாம். காட்மியத்தைப் பற்றாசாகக் கொண்ட நகைக்கு அப்பெயர். காட்மியம் ஊதும்போதே பெரும்பாலும் ஆவியாகிவிடும், நகையின் தரம் குறையாது. வாங்குவோர் மகிழ்ந்தனர். அந்த ஆவி போய்ச் சேர்ந்த இடம் பொற்கொல்லரின் நுரையீரலும் சிறுநீரகமும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் காட்மியப் பொடியை ஏற்காமல் விலக்கிய பின்னரும், 'கேடிஎம்' தரத்தின் அடையாளமாகவே பல குடும்பங்களின் நாவில் தங்கியிருக்கிறது. பொருளின் தரத்துக்கு விலையாகத் தொழிலாளியின் உடல் கொடுக்கப்பட்ட செய்தி அந்தச் சொல்லில் இல்லை.

காரீயம் காட்மியம் போன்றதன்று என்பதையும் சொல்லவேண்டும். 350 பாகைச் சூட்டில் காரீயம் ஏறத்தாழ ஆவியாவதே இல்லை. மூக்கில் ஏறும் புகை ரோசினுடையது. அது ஆஸ்துமாவைத் தூண்டவல்லது, காரீயமற்ற கம்பியிலும் உண்டு. காரீயம் உடலுக்குள் செல்லும் வழி விரல்கள். கம்பியைப் பிடித்த கையோடு தேநீர்க் கடையில் வடையை எடுப்பதிலும், இரு கைகளும் தேவைப்படும்போது கம்பியைப் பல்லில் கடித்துக்கொள்வதிலும்தான் ஆபத்து. பழைய பலகைகளைத் தீயில் காட்டி உருக்கிப் பாகங்களைப் பிரிக்கும் இடங்களில் அது மண்ணுக்கும் செல்கிறது. தோல் பதனிடும் தொழிலின் குரோமிய உப்புகள் நிலத்தடி நீரை என்ன செய்தன என்பதைத் திண்டுக்கல்லைச் சுற்றிய சிற்றூர்களுக்கு வெளியார் சொல்லித்தர வேண்டியதில்லை. உலோகம் மண்ணுக்குள் போவது எளிது, திரும்புவது அரிது.

இன்று தேர்ந்தெடுப்பவருக்கு

கைப்பேசியும் எல்இடி விளக்கும் இன்றைய கடைகளின் பெரும்பாலான வேலை. எல்இடி விளக்கின் பலகை அலுமினியத்தின்மேல் அமைந்தது. சூட்டைப் பரப்பவே செய்யப்பட்ட பலகையில் 25 வாட் கோல் திணறும். இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துவைத்து அதன்மேல் பலகையைச் சூடாக்கிப் பாகத்தை மாற்றும் உத்தி இதனால் பிறந்தது. கருவி பொருளுக்கு ஏற்ப மாறவேண்டும் என்னும் பழைய பாடமே இதுவும்.

புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு என் பரிந்துரை இது. வெப்பக் கட்டுப்பாடும் மூன்று ஊசிப் பிளக்கும் உள்ள, 60 வாட் அளவிலான கோல். ஊசிமுனைக்குப் பதில் சிறிய உளிமுனை, ஏனெனில் பரப்பு இருந்தால்தான் சூடு பாயும். 22 கேஜ், அதாவது சுமார் 0.7 மில்லிமீட்டர் ரோசின் கம்பி. காரீயக் கம்பிக்கு நுனியை 320 முதல் 350 பாகைக்குள் வைப்பது போதும். ஈயத்தைக் கோலில் உருக்கி இணைப்பில் தடவாமல், இணைப்பைச் சூடாக்கி அதில் ஈயத்தைத் தொடவேண்டும். முகத்துக்கு எதிர்ப்புறம் புகையை இழுக்கும் சிறு விசிறி. உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவல். விற்பதற்காகச் செய்பவர் காரீயமற்ற கம்பிக்கு இப்போதே கையைப் பழக்கிக்கொள்வது நல்லது. குழந்தைகள் தொடும் பொருளுக்கு அதைத் தவிர வேறு தேர்வே இல்லை.

அளவைப் பற்றி யாப்பிலக்கணம் சொல்வதும் இங்கே பொருந்தும். ஆசாக இடப்படுவது ஓரசை, மிஞ்சினால் ஈரசை. அதற்கு மேல் இட்டால் அது இணைப்பு அன்று, தனிச்சரக்கு. பலகையிலும் ஈயம் குவிந்து உருண்டையாக நின்றால் உள்ளே பற்றவில்லை என்று பொருள். கம்பியின் வடிவம் தெரியும்படி மெல்லியதாகச் சரிந்து படர்ந்ததே நல்ல இணைப்பு.

நம் பலதொழில்நுட்பக் கல்லூரிகளில் இவ்வறிவு ஆங்கிலக் கையேட்டின் அரைப்பக்கமாகவும், கடைகளில் சொல்லப்படாத கைப்பழக்கமாகவும், தமிழ்த்துறைகளில் பொருள் மறந்த ஒரு சூத்திரமாகவும் சிதறிக் கிடக்கிறது. 'லெட்' என்று கேட்டு வாங்கும் இளைஞனுக்கு அச்சொல் ஒரு நஞ்சின் பெயர் என்பது தெரியாது. 'பற்றாசு' என்று சொல்லிப் பழகினால் மட்டும் காரீயம் கையை விட்டுப் போய்விடாது என்பது உண்மைதான். ஆயினும் காரீயப் பற்றாசு, வெள்ளீயப் பற்றாசு என்று பிரித்துச் சொல்ல ஒரு மொழி இருந்தால், எது வேண்டும் என்று கடைக்காரர் திரும்பக் கேட்பார். தேர்வு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.